அம்மா பாதியில் நிறுத்திய வசனம்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசு சீஷர்களோடு உண்ட கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பம் பிட்குவார்கள். வெள்ளைத் துணி மூடிய தட்டு முன்வரிசையிலிருந்து கைமாறி வரும். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்குவாள். ஒரு நொடி மடியில் வைத்திருப்பாள். அப்புறம் எதுவும் எடுக்காமல் என் பக்கம் நீட்டுவாள். பின்னால் திராட்சரசம் வரும், அதையும் அப்படியேதான். 2007 முதல் 2020 வரை, 13 வருடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டை வாங்கி, என் துண்டை எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கொடுத்தேன். ஏன் எடுக்கவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்தக் காரணம் நான்தான் என்பதால் கேட்கப் பயமாகவும் இருந்தது. முழுக் காரணம் தெரிந்தது 2020 ஏப்ரலில். அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாம்படமும் ஒன்றரைப் பவுன் செயினும்

அம்மா பிறந்தது சாத்தான்குளம் பக்கம் ஒரு தேரிக்காட்டு ஊர். ஊரே சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆச்சியின் காதில் பாம்படம் தோள்வரைக்கும் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அதைப் புளி போட்டுத் துலக்கி மாட்டிக்கொள்வாளாம். அம்மா திடப்படுத்தல் எடுத்துச் சபையின் முழு அங்கத்தினரானதும், முதல் நற்கருணை, அதாவது அப்பமும் ரசமும், எடுத்ததும் அந்தக் கோயிலில்தான். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தாள். அப்பாவுக்குக் குடி இருந்தது. அது போனது ஒரு பெந்தெகொஸ்தே சபையின் உபவாச ஜெபத்தில். 21 நாள் அந்தப் பாஸ்டர் இரவில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவரைப் பற்றி நான் சொல்லப்போவது எதுவும் இதை அழித்துவிடாது.

1989-ல் தாமிரபரணியில் அம்மா முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். எடுக்கிறவர்கள் நகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. கழற்ற அம்மாவிடம் அதிகம் இல்லை. மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஒரு ஜோடி கம்மலும் மஞ்சள் கயிற்றில் தாலியும் மட்டும் மிச்சம். அதையும் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். அதைப் பற்றி அம்மா சாட்சி சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். அதுவரைக்கும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் வெறுங்கழுத்தோடு ஒரு ஓரமாய் உட்கார்ந்து, சேலை முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டிருந்தவள் அவள். சபைக்குள் வந்தால் தாசில்தார் மனைவிக்கும் வெறுங்கழுத்து, பீடி சுற்றுகிற அக்காவுக்கும் வெறுங்கழுத்து. யார் வீட்டில் எவ்வளவு பவுன் என்று யாருக்கும் தெரியாது. "மொத மொத அங்கதாம்ட்டி நான் நிமிர்ந்து உக்காந்தேன்" என்பாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நகை கழற்றுவது ஒடுக்குமுறையாகத் தெரியலாம். அம்மாவுக்கு அது விடுதலையாக இருந்தது. அதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

அப்படி இல்லாதவர்களுக்கு நிழலாக இருந்த ஒரு வழக்கம் எந்த நாளில் வேலியாக மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு அது வேலியாகத் தெரிந்த நாள் மட்டும் எனக்குத் தெரியும். 2007 மே மாதம், என் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சி.எஸ்.ஐ. என் மாமியார் நல்ல மாதிரிதான் கேட்டார்கள்: "மண்டபத்துல நாலு பேரு பாப்பாவ. பிள்ளைக்குக் கழுத்துல ஒரு செயின் மட்டும் கெடக்கட்டுமே." அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு சீட்டுப் பணத்தை எடுத்து ஒன்றரைப் பவுனில் ஒரு செயின் வாங்கி, கோயில் வாசலில் வைத்துத் தன் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டாள். அவள் விரல் என் பிடரியில் நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வேதப் புத்தகத்தைத் திறந்து, புறம்பான அலங்கரிப்பு வேண்டாம் என்று பேதுரு எழுதின பகுதியை வாசித்தார். "சிஸ்டர், நீங்க மூத்த விசுவாசி. உங்களைப் பாத்துத்தான் மத்தவங்க நடப்பாங்க. மூணு மாசம் அப்பத்துல கை வைக்காதீங்க" என்றார். ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். அவர் வாசித்த அதே வசனத்தில் பொன்னாபரணத்துக்கு முன்னால் மயிரைப் பின்னுதல் இருக்கிறது. எங்கள் சபையில் சடை பின்னாத பெண் ஒருத்தியும் கிடையாது. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்று மாதம்தானே, அம்மா பொறுத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

விளக்கணைத்த இரவு

2020 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு. ஊரடங்கு தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. கணவர் ஓசூரில் மாட்டிக்கொண்டார். நானும் மகனும் அம்மாவோடு இருந்தோம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சபைக்கு அப்போது வேறு பாஸ்டர் வந்திருந்தார், இளைஞர். ஆராதனையைப் போனில் நடத்தினார். முதல் ஞாயிறு என்பதால், அவரவர் வீட்டில் ஒரு துண்டு அப்பமும் கொஞ்சம் திராட்சைச் சாறும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அம்மா அதிகாலையில் எழுந்து ஒரு சப்பாத்தி சுட்டாள். திராட்சையைப் பிழிந்து வடிகட்டினாள். போனைச் செம்பின்மேல் சாய்த்து வைத்து, பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் ஒரே ஒரு துண்டும் ஒரே ஒரு டம்ளரும் வைத்தாள்.

"உனக்கு எங்கம்மா?"

"எனக்கு எதுக்கு?"

சபையில் என்றால் தட்டு வரும், கைமாறிப் போகும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், யார் எடுத்தார் யார் எடுக்கவில்லை என்பது அதில் கரைந்துவிடும். வீட்டில் அப்படி இல்லை. அதைச் சுட்டவளும் பிழிந்தவளும் அவள், தனக்கு மட்டும் எடுத்து வைக்கவில்லை. அந்தத் துண்டை நான் எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை.

அன்று இரவுதான் 9 மணிக்கு விளக்கணைத்து 9 நிமிடம் அகல் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். தெரு முழுக்க இருட்டு. மகன் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இருட்டில் கேட்பது கொஞ்சம் எளிதாக இருந்தது. "மூணு மாசம்னுதானம்மா சொன்னாரு. பதிமூணு வருஷம் ஆச்சே" என்றேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். மூன்று மாதம் முடிந்ததும் செப்டம்பர் முதல் ஞாயிறு அவள் எடுத்திருக்கிறாள். பாஸ்டர் எடுக்கச் சொன்னார், எடுத்தாள். உள்ளுக்குள் மட்டும், அந்தச் செயினை வாங்கியதற்காகத் தான் உண்மையில் வருந்தவில்லையே என்று இருந்ததாம். மகள் கழுத்தில் அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் போகவில்லையாம். போகாத சந்தோஷத்தோடு எடுத்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். அந்த வாரம் வியாழக்கிழமைதான் எனக்கு முதல் கரு கலைந்தது. பத்து வாரக் கரு.

அப்பத்தை அபாத்திரமாய்ப் புசிக்கிறவனைப் பற்றிக் கொரிந்து சபைக்கு எழுதின இடத்தில், இதினிமித்தம் உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள், அநேகர் நித்திரையும் அடைந்திருக்கிறார்கள் என்று அப்போஸ்தலன் பவுல் சொல்கிறார். நித்திரை என்றால் இங்கே சாவு. அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். தான் எடுத்த அந்த ஒரு துண்டுதான் என் வயிற்றில் இருந்ததை எடுத்துவிட்டது என்று 13 வருடம் நம்பியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. என் மகன் வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாளே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் உன்னை மன்னிச்சுட்டாரும்மா, நீ நாளெல்லாம் அதைத்தானே மத்தவங்களுக்குச் சொல்லுத" என்றேன். அவள் கோபப்படவில்லை. "மன்னிச்சிருப்பாரு. நான் இன்னும் என்னைச் சோதிச்சு முடிக்கலட்டி" என்றாள்.

வினையெச்சம்

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். முற்றுவினை, எச்சவினை என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்த இரவு தூக்கம் வராமல் அம்மாவின் பழைய வேதப் புத்தகத்தை எடுத்து, அவள் சொன்ன இடத்தைப் பார்த்தேன். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், 11-ஆம் அதிகாரம், 28-ஆம் வசனம். சோதித்தறிந்து என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அதற்குப் பிறகு வருவதன் கீழே ஒன்றும் இல்லை. வசனம் இப்படி இருக்கிறது: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்."

சோதித்தறிந்து என்பது வினையெச்சம். புசித்து என்பதும் வினையெச்சம். வாக்கியம் போய் நிற்கிற இடம் பானம்பண்ணக்கடவன். கட்டளை அதில்தான் இருக்கிறது. சோதித்தறிந்துவிட்டு விலகி நிற்கக்கடவன் என்று எழுதப்படவில்லை. நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான்: 'குளித்து, உண்டு, பள்ளிக்கு வா' என்றால் குளியலறையிலேயே நின்றுவிடக் கூடாது. அம்மா முதல் எச்சத்திலேயே 13 வருடம் நின்றிருக்கிறாள். அவளை அங்கே நிறுத்தியது நாங்கள் எல்லோரும். எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், அத்தனையிலும் குரல் உயர்வது சோதித்தறிந்து என்ற சொல்லில்தான். புசித்து என்பதைத் தாண்டி வேகமாகப் போய்விடுவார்கள்.

முந்தின வசனத்தில் வருகிற அபாத்திரமாய் என்ற சொல்லையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அபாத்திரன் என்றால் தகுதியில்லாதவன். அபாத்திரமாய் என்றால் தகாத விதமாக. அது வினையடை. யார் புசிக்கிறார் என்பதை அது சொல்லவில்லை, எப்படிப் புசிக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. கிரேக்க மூலத்திலும் அது வினையடைதான். அப்படியானால் கொரிந்துவில் எப்படிப் புசித்தார்கள்? அதற்குச் சில வசனங்கள் முன்னால் போக வேண்டும். எங்கள் சபையில் அப்பம் பிட்கும் பந்திக்கு முன்னால் அந்தப் பகுதியை வாசித்து நான் கேட்டதே இல்லை. எப்போதும் 23-ஆம் வசனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 21-ஆம் வசனத்தில் இருக்கிறது: அவனவன் தன்தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். 22-இல் பவுல் கேட்கிறார்: இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?

அன்றைக்குக் கர்த்தருடைய பந்தி ஒரு துண்டு அப்பமாக இருக்கவில்லை. சேர்ந்து உண்ணும் ஒரு சாப்பாட்டோடு நடந்தது. வசதி உள்ளவர்கள் நேரத்தோடு வந்து, கொண்டுவந்ததைத் தின்று முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து பிந்தி வருகிற அடிமைகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் ஒன்றும் இருக்காது. தகாத விதம் என்று பவுல் கடிந்துகொண்டது இதை. கடைசியில் அவர் சொல்கிற பரிகாரமும் அதற்கேற்றதுதான்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஆச்சி ஊர் அசனம்தான் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் ஊர்களில் பண்டிகைக்கு அசனம் உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் பிரித்து, கோயில் வளாகத்திலேயே பெரிய பெரிய அண்டாவில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் காய்ச்சி, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். மெட்ராஸிலிருந்து காரில் வந்தவரும் பனையேறுகிறவரும் ஒரே வரிசை. முந்தி வந்தவர் முந்தி எழுந்து போகக் கூடாது என்று ஆச்சி அதட்டுவாள். கொரிந்துக்காரர்களுக்குப் பவுல் எழுதினதை எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி தானாகவே செய்துகொண்டிருந்தாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போக முடியவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் என்று பழைய மிஷன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். கர்த்தருடைய பந்திக்கும் உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் முந்திப் போனார்கள், மற்றவர்கள் பிந்திப் போனார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இதையெல்லாம் உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரிச் சபைகளில் பலர் பந்தியில் ஒன்றாக உட்காருவதைவிட வெளியேறுவதே மேல் என்று போய்விட்டார்கள். அவர்களும் இந்த 28-ஆம் வசனத்தை வாசித்தவர்கள்தான். தங்களைச் சோதித்தும் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு முன்னால் தான் குடிக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையில் அகப்படவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்தாதே என்று எழுதின பகுதியை வைத்து, ஒன்றரைப் பவுன் வாங்கின ஒரு விதவைத் தாயை நாங்கள் 13 வருடம் வெட்கப்படுத்தியிருக்கிறோம். அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் விதவை இல்லைதான், ஆனால் கடைசி ஆறு வருடம் அவள் தனியாகத்தான் அந்தத் தட்டைக் கைமாற்றினாள்.

சோதித்து முடியவே முடியாது என்பதை அம்மாவுக்கு முன்னால் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் கண்டார். 1505-ல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தவர், மணிக்கணக்கில் குருவிடம் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்வாராம். அறைக்குத் திரும்பும் வழியிலேயே விட்டுப்போன இன்னொரு பாவம் நினைவுக்கு வருமாம். ஸ்டாப்பிட்ஸ் என்ற அவருடைய மடத்து மேலதிகாரி அலுத்துப்போனார். மனசாட்சி நேர்மையாக இருக்க இருக்க, கணக்கு நீண்டுகொண்டே போகிறது. அதுதான் இதில் உள்ள கொடுமை. சட்டதிட்டம் அசிரத்தையான ஆளை ஒன்றும் செய்யாது, அவன் மூன்று மாதம் கழித்து ஜாலியாக எடுத்துக்கொள்வான். அகப்படுவது அம்மா மாதிரி ஆட்கள். பின்னாளில், 1529-ல், லூத்தர் எழுதின சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலில் இந்தப் பந்திக்கு யார் தகுதியானவர் என்று ஒரு கேள்வி வருகிறது. உபவாசமும் உடல் ஆயத்தமும் நல்ல வெளி ஒழுக்கம்தான், ஆனால் 'உங்களுக்காக', 'பாவமன்னிப்புக்காக' என்ற சொற்களை நம்புகிறவரே உண்மையில் தகுதியானவர் என்று பதில் சொல்கிறார். 1706-ல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழில் முதலில் மொழிபெயர்த்தவற்றில் இந்த ஞானோபதேசமும் ஒன்று. முந்நூறு வருடமாக நம் மொழியில் இருக்கிற பதில் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இயேசு சீஷர்களோடு உட்கார்ந்த முதல் பந்தியில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால் போதும். அன்று இரவே அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிக்கப்போகிற பேதுரு இருந்தான். காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னுடனேகூடப் பந்தியிலிருக்கிறது என்று இயேசுவே சொன்னதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அந்த மேசையில் பாத்திரத்தைக் கொடுக்கும்போதுதான் பாவமன்னிப்பு உண்டாகும்படி சிந்தப்படுகிற இரத்தம் என்று சொன்னார். பாவமன்னிப்புத் தேவைப்படாதவர்களுக்கு அங்கே என்ன வேலை?

தீத்துவும் தீமோத்தேயுவும்

மறுநாள் காலை இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன், ஒரு வகுப்பு எடுக்கிற மாதிரி. எச்சம், முற்று, வினையடை எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அப்போ இந்தப் பதிமூணு வருஷம்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விடுதலை என்ற சொல்லைப் பாட்டில் பாடுகிறோம், கை தட்டுகிறோம். பூட்டே இல்லாத கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனா என்று தெரிகிறபோது வருகிற வலியும் அதோடு சேர்ந்தே வருகிறது என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு அப்போது கோபம் தலைக்கேறியிருந்தது. "நீ நாளைக்கே ஒரு கம்மல் வாங்கிப் போடு, நான் வாங்கித்தாரேன்" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "நான் எதுக்குப் போடணும்? எனக்கு வேண்டாம்ட்டி. அதை நான் சந்தோஷமாத்தான் கழட்டுனேன்."

அந்தச் சொல் என்னைப் பவுலிடமே திருப்பி அனுப்பியது. தன்னோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அவர் யூத முறைப்படி விருத்தசேதனம் பண்ணுவித்தார், அப்போஸ்தலர் 16-இல் இருக்கிறது. இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்குப் பண்ணுவிக்க ஒரு நாழிகைகூட இணங்கவில்லை, கலாத்தியரில் இருக்கிறது. ஒரே காரியம், ஒரே ஆள், இரண்டு விதமாக நடந்துகொண்டார். தீமோத்தேயுவின் தாய் யூத ஸ்திரீ. அவனை யூதர்கள் நடுவே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அன்பினால் செய்தார். தீத்து விஷயத்தில், இதைச் செய்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு கூட்டம் நின்றது. அங்கே இணங்கினால் கிறிஸ்து செய்தது போதாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நகையும் அப்படித்தான். கழற்றுவதிலும் ஒன்றும் இல்லை, போடுவதிலும் ஒன்றும் இல்லை. 1989-ல் அம்மா கழற்றியது ஒன்று. 2007-ல் அதை வைத்து அவளை மேசையிலிருந்து எழுப்பியது வேறொன்று. கம்மல் போட்டுக் காட்டினால்தான் நீ விடுதலையானவள் என்று நான் 2020-ல் சொன்னேனே, அது இரண்டாவதைச் சேர்ந்தது. என் பங்குக்கு நானும் ஒரு நுகத்தைச் செய்து அவள் கழுத்தில் மாட்டப் பார்த்தேன். புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாய் எண்ணக் கூடாது என்று ரோமருக்கு எழுதினது என் போன்றவர்களுக்குத்தான்.

ஆச்சி ஊர் அசனம்

அம்மா உடனே எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. சபை திறந்த பிறகும் பல மாதம் தட்டு அப்படியேதான் போனது. நான் வற்புறுத்தவில்லை. இடையில் ஒருநாள் அந்தப் பழைய பாஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அம்மா போன் போட்டாள். கால் மணி நேரம் பேசினாள், ஜெபம் பண்ணினாள். யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று ஒரு டப்பா பனங்கற்கண்டு கொடுத்துவிட்டாள். 13 வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "அந்த மனுசன் ஒங்கப்பனை எனக்குத் திருப்பித் தந்தாரு" என்றாள். அவள் மன்னித்துவிட்டாள், எப்போதோ. தன்னைத் தவிர எல்லோரையும் மன்னிக்கிறவளாக இருந்திருக்கிறாள்.

என்னால் முடியவில்லை. அம்மா வைத்திருந்த கணக்கை அடித்துவிட வேண்டும் என்று இலக்கணம் பேசினவள், நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எத்தனை முதல் ஞாயிறு என்று ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 150-க்கு மேல் வந்தது. அந்தக் காகிதத்தை வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். அவரை எங்காவது பார்த்தால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

2022-ல் ஆச்சி ஊரில் அசனப் பண்டிகை. இரண்டு வருடம் தடைபட்டிருந்ததால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மெஞ்ஞானபுரம் தாண்டியதுமே அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். காலையில் நற்கருணை ஆராதனை. அம்மா திடப்படுத்தல் எடுத்த அதே கோயில். வெளியே அண்டாவில் குழம்பு கொதிக்கிற வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் சுயநீதியை நம்பி உம்முடைய பந்திக்கு வரவில்லை என்ற அர்த்தத்தில் அங்கே ஒரு ஜெபம் உண்டு. மேசையின்கீழ் சிந்துகிற துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் தகுதியற்றவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், சொல்லிவிட்டு எழுந்து மேசைக்குப் போவார்கள். தகுதியில்லை என்பதும் போவதும் அடுத்தடுத்து. முப்பத்து மூன்று வருடம் கழித்தும் அம்மாவுக்கு அது மனப்பாடமாக வந்தது. புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பெண்கள் வரிசை எழுந்தது. அம்மாவும் எழுந்தாள். நான் எதிர்பார்க்கவே இல்லை. செருப்பில்லாத காலோடு இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. மடியில் வேதப் புத்தகம், அதற்குள் அந்தக் காகிதம். ஒரு மனுஷனை இந்த அளவு வெறுத்துக்கொண்டு எப்படிப் போய் முழங்கால்படியிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், மனசு கொஞ்சம் சரியாகட்டும் என்று இருந்தது. பின்னால் நின்றவர்கள் அம்மாவைத் தாண்டிப் போகத் தொடங்கினார்கள். அவள் வழியை விட்டு ஒதுங்கி, என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குனிந்து, என் காதோடு சொன்னாள்:

"சோதிச்சது போதும்ட்டி. பாதியில நிக்காத, வா."

காகிதம் புத்தகத்துக்குள்தான் இருந்தது. புத்தகத்தை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தேன். வரிசையில் கடைசி ஆளாகப் போனோம். குருவானவர் எங்கள் இருவருக்காகவும் காத்திருந்தார்.